பொதி இழப்பும் அதனை அளந்தறியும் முறையும்

குறையொன்று நேர்ந்தவிடத்து, அஃது எங்கே உள்ளது என்று ஆராயுமுன்னரே, அதற்குக் காரணர் இன்னார் என்று துணிந்துரைத்தல் மக்கட்கு இயல்பாக உள்ளது. எம் இல்லத்திலும் சென்ற ஆண்டு அவ்வாறே நிகழ்ந்தது. கற்பதும் தேர்வெழுதுவதும் வேலை நாடுவதும் இணையத்தின் வாயிலாகவே பெரும்பாலும் நடைபெறும் இக்காலத்தில், அந்நிகழ்ச்சியால் யான் கற்ற பாடம் நம் கல்லூரி மாணாக்கர் பலர்க்கும் பயன்படுமென்று கருதி இதனை எழுதத் துணிந்தேன்.

எம் ஊர் சங்கரன்கோவில். பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 2019ஆம் ஆண்டில் பிரிந்த தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆடித் தபசுக்கும், விசைத்தறிக்கும், பூச்சந்தைக்கும் பெயர் பெற்றது. இவ்வூரில் எம் இல்லத்து மேலறையிலிருந்து என் இளவல் ஒரு வேலைக்குரிய நேர்காணலில் காணொலி வழியே கலந்துகொண்டான். வினவியோர் தொலைவிலுள்ள ஒரு நகரத்தில் இருந்தனர். கேட்கப்பட்ட பொருள்களை அவன் நன்கு கற்றவனே. ஆயினும் அவன் சொற்கள் இடையிடையே அறுந்து சென்றன. “மீண்டும் சொல்லுங்கள்” என்று அவர்கள் பன்முறை கேட்டனர். ஒரே விடையை மும்முறை கூறியதனால் அவனுக்கும் மனம் கலங்கிற்று. தயங்கித் தயங்கிப் பேசுவோன் என்று அவர்கள் எண்ணினரோ, யாதோ, அவ்வேலை அவனுக்குக் கிட்டவில்லை.

அன்று மாலை எம் வீட்டில் பழி மூன்று திசைகளிற் சென்றது. என் இளவல் இணையச் சேவை தரும் நிறுவனத்தைப் பழித்தான். அந்நிறுவனத்தின் பணியாளர் மறுநாள் வந்து, பெட்டியின் விளக்குகள் யாவும் பச்சையாய் எரிவதைக் காட்டி, “எங்கள் பக்கம் ஒன்றுமில்லை, உங்கள் கணிப்பொறியில்தான் கோளாறு” என்று கூறிச் சென்றார். எந்தையாரோ, மாதந்தோறும் இன்னும் சிறிது பணம் மிகுதியாய்க் கட்டி, விரைவு மிக்க திட்டத்துக்கு மாறினால் எல்லாம் சரியாகுமென்றார். மூவரும் தத்தமக்குத் தோன்றியதைக் கூறினரேயன்றி, அளந்து பார்த்தவர் ஒருவருமிலர்.

நிற்க. குறை இன்னதென்று அறிவதற்கு முன், இணையம் செய்திகளைக் கொண்டுசெல்லும் வகையைச் சிறிது அறிதல் வேண்டும். தொலைபேசி தோன்றிய காலத்தில், இருவர் பேசுங்கால் அவ்விருவர்க்கும் இடையே ஒரு வழி முழுவதும் ஒதுக்கப்பட்டது. இணையத்தின் முறை அதனின் வேறானது. அனுப்ப வேண்டிய செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்படுகின்றது. ஒவ்வொரு பொதியின் மீதும் சேருமிடத்தின் முகவரி எழுதப்படுகின்றது. பல்லோர் பொதிகளும் ஒரே வழியிற் கலந்து செல்கின்றன. இம்முறையை 1960களில் அமெரிக்காவில் பால் பாரனும், இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸும் தனித்தனியே ஆராய்ந்து கண்டனர். இப்பொதிக்குப் ‘பாக்கெட்’ என்னும் பெயரை இட்டவர் டேவிஸ் ஆவர். நம் இல்லங்களில் வழங்கும் இணைப்புகளில் ஒரு பொதி பெரும்பாலும் 1500 பைட்டுகட்கு மேற்படுவதில்லை.

எம் ஊர்ப் பூச்சந்தையிலிருந்து வெளியூர் செல்லும் பூக்கூடைகளை இப்பொதிகளுக்கு ஒப்பிடலாம். சந்தையில் நூறு கூடைகளை ஏற்றி, சேர்ந்த ஊரில் தொண்ணூற்று மூன்று மட்டும் இறங்கினால், ஏழு கூடைகள் வழியில் எங்கோ போயின என்பது தெளிவு. இதுவே பொதி இழப்பு. கூடைகள் வண்டியில் இடமின்றி இறக்கி வைக்கப்பட்டிருக்கலாம், குலுங்கிச் சிதறியிருக்கலாம். அவ்வாறே, வழியிலுள்ள ரூட்டரில் வரிசை நிரம்பிவிட்டால் பின்வரும் பொதிகள் தள்ளப்படுகின்றன. வைஃபை அலை சுவர்களால் மெலிந்தாலும், கண்ணாடி இழையில் ஒளி குன்றினாலும் பொதிகள் சிதைந்து பயனற்றுப் போகின்றன.

இழந்த பொதிக்கு நேர்வது யாது? ஏடுகளையும் படங்களையும் பெறுங்கால், வந்து சேராத பொதி மீண்டும் அனுப்பப்படுகின்றது. அதனால் காலம் நீளுமேயன்றிப் பொருள் கெடுவதில்லை. பேச்சின் நிலைமை அத்தகையதன்று. காணொலிப் பேச்சில் ஒலி பெரும்பாலும் ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்காகத் துணிக்கப்பட்டுப் பொதியாகின்றது. அஃதாவது நொடிக்கு 50 பொதிகள். நூற்றுக்கு இரண்டு இழந்தால் நொடிதோறும் ஒன்று இழந்ததாகும். சிறு இழப்பை மென்பொருள் ஒருவாறு மூடி மறைக்கும். பல பொதிகள் சேர்ந்து இழப்பின், மீண்டும் அனுப்பிப் பெறுதற்குள் பேச்சு அவ்விடத்தைக் கடந்துவிடுமாதலின், அச்சொல் போயது போயதே. என் இளவலின் விடைகள் அறுபட்டது இதனால்தான்.

இனி, எந்தையார் கூறிய வழியையும் ஆராய்வாம். விரைவு வேறு, இழப்பு வேறு. சாலையை அகலப்படுத்தினால் வண்டிகள் பல செல்லும். கூடையின் அடி ஓட்டையாயிருப்பின் அகலத்தால் என்ன பயன்? இதற்கு ஒரு கணக்கும் உண்டு. மேத்யூ மாத்திஸ் முதலிய ஆராய்ச்சியாளர் 1997இல் வெளியிட்ட வாய்பாட்டின்படி, ஒரு பொதியில் 1460 பைட்டு செய்தி இருக்க, அது போய்ப் பதில் வர நொடியின் ஆயிரத்தில் 50 பங்கு ஆகுமாயின், நூற்றுக்கு ஒன்று இழக்கும் வழியில் ஓர் இணைப்பு நொடிக்கு ஏறத்தாழ 28 இலட்சம் பிட்டுகளையே கொண்டுசெல்லும். நாம் வாங்கிய திட்டம் நொடிக்கு 10 கோடி பிட்டுகள் தருவதாயினும் அவ்வொரு இணைப்புக்குக் கிட்டுவது இவ்வளவே. இழப்பு நாலிலொன்றாய்க் குறைந்தால் இவ்வளவு இரட்டிக்கும். பழைய அனுப்பு முறைகளை ஒட்டியது இக்கணக்கு. அண்மையில் வந்த சில முறைகள் இழப்பை ஓரளவு தாங்குமாயினும், பணம் மிகுதியாய்க் கட்டுவதனால் மட்டும் இழப்பு நீங்காது என்பது இதனாற் பெறப்படும்.

அற்றேல், இழப்பை எங்ஙனம் அளப்பது? அதற்குரிய கருவி நாற்பது ஆண்டுகட்கு முன்னரே செய்யப்பட்டுள்ளது. அமெரிக்கப் படையின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் என்பார், 1983 டிசம்பரில், தம் வலையமைப்பில் நேர்ந்த ஒரு கோளாற்றை அறிதற்பொருட்டுச் சிறு நிரலொன்றை எழுதினார். நீர்மூழ்கிகள் ஒலியை விடுத்து, எதிரொலியைக் கொண்டு தொலைவிலுள்ள பொருளை அறியும் முறையை நினைந்து, அவ்வொலியின் பெயராகிய ‘பிங்’ என்பதையே அதற்கு இட்டார். இந்நிரல் ஒரு சிறு பொதியை அனுப்பி, “உளீரோ?” என்று வினவுகின்றது. மறுமுனையிலுள்ள பொறி அதனைத் திருப்பி விடுகின்றது. எத்தனை அனுப்பினோம், எத்தனை திரும்பின, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் கொண்டது என்பவற்றை இறுதியிற் காட்டுகின்றது. விண்டோஸ், லினக்ஸ், மேக் என்னும் எல்லாப் பொறிகளிலும் இஃது உண்டு. கைபேசிக்கும் இலவசச் செயலிகள் பல உள.

எத்தனை பொதிகள் அனுப்ப வேண்டும் என்பதில் பலர் பிழைபடுகின்றனர். விண்டோஸ் பொறியில் வேறொன்றும் குறியாது ஏவினால், நான்கே அனுப்பி நின்றுவிடும். நூற்றுக்கு இரண்டு இழக்கும் வழியில் நான்கு அனுப்பினால், நூறு முறையில் 92 முறை ஒன்றும் இழவாது திரும்பும். நாமும் குறையில்லை என்று மகிழ்வோம். நூறு அனுப்பினால் அவ்வாறு ஏமாறுவது நூற்றில் 13 முறை. இருநூறு அனுப்பினால் இரு முறைக்கும் குறைவு. ஆகவே 200க்குக் குறையாமல், கூடுமாயின் 300 அனுப்புதல் நன்று. பிங் என்னும் ஏவலின் பின் சிறு கோட்டுடன் ‘என்’ என்னும் ஆங்கில எழுத்தையும் எண்ணிக்கையையும், அதன்பின் முகவரியையும் எழுதுக. லினக்ஸ், மேக் பொறிகளாயின் ‘என்’ இருக்குமிடத்தில் ‘சி’ என்னும் எழுத்து வரும். இழப்பு பெரும்பாலும் கொத்துக்கொத்தாய் வருவதாகலின், காலை, நண்பகல், இரவு என மூன்று வேளைகளிலும் அளத்தல் வேண்டும். அளக்குங்கால் வீட்டிலுள்ள பிறர் திரைப்படம் காணுதலையும் கோப்புகள் இறக்குதலையும் நிறுத்துவித்தல் முறை. இன்றேல் நம் சுமையே நம் வழியை அடைத்துக் கணக்கைக் கெடுக்கும்.

பூக்கூடைகள் குறைந்தவிடத்து அறிவுடைய வணிகன் செய்வது யாது? சந்தை வாயிலில் ஒருமுறை, பேருந்து நிலையத்தில் ஒருமுறை, இறங்குமிடத்தில் ஒருமுறை எண்ணுவான். யாமும் அம்முறையே மூன்று சோதனைகள் செய்தோம்.

முதற் சோதனை, கணிப்பொறியிலிருந்து நம் வீட்டு ரூட்டர் வரையில். அதன் முகவரி பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டிற் காணப்படும், பெரும்பாலும் 192.168.1.1 என்றிருக்கும். மேலறையிலிருந்து வைஃபை வழியே 300 பொதிகளை அனுப்பினோம், 21 திரும்பவில்லை. அஃதாவது நூற்றுக்கு ஏழு. பின்னர் அதே கணிப்பொறியைக் கீழே கொணர்ந்து, லேன் கேபிள் கொண்டு ரூட்டருடன் இணைத்து மீண்டும் 300 அனுப்பினோம், ஒன்றும் இழக்கவில்லை. எனவே கணிப்பொறியிற் குறையில்லை. குறை இடையிலுள்ள வைஃபையில். ஆராயுங்கால், ரூட்டர் முன்னறையில் இரும்புப் பீரோவின் பின்னே வைக்கப்பட்டிருந்தது. மேலறைக்கும் அதற்கும் இடையே இரண்டு தடித்த சுவர்களும் ஒரு கான்கிரீட் தளமும் இருந்தன. நிறுவனத்தைப் பழித்த எம் வீட்டிலேயே குறையின் பெரும்பகுதி குடியிருந்தமை கண்டு நாணினோம்.

இரண்டாம் சோதனை, வீட்டு ரூட்டரிலிருந்து நிறுவனத்தின் முதல் ரூட்டர் வரையில். அதன் முகவரியை அறிய ‘டிரேஸ்ரூட்’ என்னும் மற்றொரு நிரல் உதவுகின்றது. விண்டோஸில் இதனை ‘டிரேசர்ட்’ என்பர். ஒவ்வொரு பொதியின் மீதும் அது எத்தனை ரூட்டர்களைக் கடக்கலாம் என்னும் ஓர் எண் உண்டு. ஒவ்வொரு ரூட்டரும் அவ்வெண்ணில் ஒன்றைக் குறைக்கும். அது சுழியாகுமிடத்துப் பொதியைக் கைவிட்டு, அனுப்பியவர்க்குச் செய்தி சொல்லும். இந்நிரல் அவ்வெண்ணை ஒன்று, இரண்டு, மூன்று என ஏற்றி அனுப்பி, வழியிலுள்ளோர் யாவரையும் தம் பெயரைத் தாமே சொல்லச் செய்கின்றது. முதல் வரியில் வருவது நம் வீட்டு ரூட்டர். அடுத்த வரியில் வருவது பெரும்பாலும் நிறுவனத்தினுடையது. அம்முகவரிக்குக் கேபிள் வழியே 300 அனுப்பினோம், 9 இழந்தன. காலையும் இரவும் ஏறத்தாழ இவ்வளவே காணப்பட்டது. ஆதலின் எம் வீட்டுக்கு வெளியேயும் ஒரு குறை இருந்தது. இரவில் மட்டும் மிகுந்து காலையில் மறைந்திருப்பின், பலர் ஒருங்கே பயன்படுத்துவதால் வந்த நெரிசல் என்று கருத இடமுண்டு. எப்பொழுதும் ஒரே அளவாய் நின்றமையால், கம்பியிலோ அதன் இணைப்பிலோ பழுது உண்டென ஊகித்தோம்.

மூன்றாம் சோதனை, தொலைவில் எல்லோரும் அறிந்த ஒரு முகவரி வரையில். கூகுள் நிறுவனம் நடத்தும் 8.8.8.8 என்பது இதற்கு ஏற்றது. அதற்கும் இழப்பு நூற்றுக்கு மூன்றாகவே இருந்தது. இரண்டாம் சோதனையில் கண்டதே ஈண்டும் காணப்பட்டமையின், அதற்கப்பால் வேறு குறையில்லை என்று தெளிந்தோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். வழியிலுள்ள ஒரு ரூட்டர் மட்டும் பெரிய இழப்பைக் காட்டி, அதற்கு அடுத்தவையும் இறுதியும் இழப்பின்றி நிற்குமாயின், அதனைக் குறையென்று கொள்ளற்க. பிறர் பொதிகளைக் கடத்துவதே அதன் முதற்கடமை. நம் வினாவுக்கு விடையிறுப்பதை அது தாழ்த்தி வைத்திருக்கலாம். ஓரிடத்தில் தொடங்கி இறுதிவரை நீளும் இழப்பே மெய்யான இழப்பு. இதனை அறியாது நடுவிலுள்ளோரைப் பழித்து முறையீடு எழுதுவோர் பலர்.

அளவை இன்றிப் பழித்தலால் வரும் தீங்கையும், அளந்தறிதலால் வரும் நன்மையையும் காட்ட இணையத்தின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1986 அக்டோபரில், கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிக்கூடத்துக்கும் அதனை அடுத்த பல்கலைக்கழகத்துக்கும் இடையே, ஏறத்தாழ 400 கஜத் தொலைவில், நொடிக்கு 32,000 பிட்டாக இருந்த போக்கு 40 பிட்டாக வீழ்ந்தது. கம்பி அறவில்லை, பொறிகளும் பழுதாகவில்லை. அங்கிருந்த வான் ஜேகப்சன் என்பார், மைக்கேல் கரல்ஸ் என்பாருடன் சேர்ந்து பொதிகளின் போக்கை ஆராய்ந்தார். நெரிசலில் இழந்த பொதிகளைக் கணிப்பொறிகள் பொறுமையின்றி மீண்டும் மீண்டும் அனுப்பியதே நெரிசலைப் பெருக்கிற்று என்று கண்டார். இழப்பு நேர்ந்தவுடன் அனுப்புவோர் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும் முறையை வகுத்து, 1988இல் வெளியிட்டார். இன்று உலகெங்கும் இணையம் இயங்குவது அதன் வழிவந்த முறைகளாலேயே. மேற்கூறிய டிரேஸ்ரூட் நிரலை எழுதியவரும் அவரே. ஆண்டும் குறை வழியில் இல்லை, அனுப்புவோரிடத்தே இருந்தது என்பது நினைக்கத்தக்கது.

குறை நம் கைக்கெட்டாத் தொலைவில் உள்ள காலமும் உண்டு. 2008 ஜனவரி 30ஆம் நாள் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா அருகே கடலடிக் கம்பிகள் அறுந்தபொழுது, இந்தியாவெங்கும் இணையம் மெலிந்தது. அத்தகைய நாளில் முதலிரு சோதனைகளும் தூயனவாய் நிற்க, மூன்றாவது மட்டும் குறை காட்டக்கூடும். அந்நாளில் வீட்டுப் பெட்டியைக் கழற்றுவதும் பணியாளரை அழைப்பதும் வீண்வேலையாம்.

இனி, யாம் செய்தது கூறுவாம். ரூட்டரைப் பீரோவின் மறைவிலிருந்து எடுத்து மாடிப்படியருகே உயரத்தில் வைத்தோம். நேர்காணல், தேர்வு முதலியவற்றுக்கு மேலறை வரை ஒரு லேன் கேபிள் இழுத்தோம். இவ்வளவில் எம் பங்கு முடிந்தது. பின்னர் நாள், வேளை, அனுப்பிய தொகை, இழந்த தொகை, வைஃபையோ கேபிளோ என்பன அடங்கிய ஒரு பட்டியலை எழுதி, நிறுவனத்துக்கு முறையீடு அனுப்பி, அதன் பதிவெண்ணைக் குறித்துக்கொண்டோம். வைஃபையில் கண்ட இழப்பு எம்முடையது என்பதையும் மறையாது எழுதினோம்.

முன்பு வந்த அதே பணியாளர் மீண்டும் வந்தார். பட்டியலைக் கண்டபின் விளக்குகளைக் காட்டி நில்லாது, ஒளியளவு காட்டும் கருவியைக் கொணர்ந்து கண்ணாடி இழையின் முனையிற் பொருத்தினார். இத்தகைய இணைப்புகளில் வீட்டுப் பெட்டிக்குப் பொதுவாகக் கொள்ளும் கடைசி வரம்பு −27 டி.பி.எம். என்பது, எமக்கு வந்த ஒளி அவ்வரம்பிலேயே நின்றது. தெருக் கம்பத்துப் பெட்டியில் இணைப்பு முனை தூசு படிந்து கிடந்தது. அதனைத் துடைத்துப் பொருத்தியபின் அளவு −20 ஆயிற்று. அஃதாவது ஒளி ஐந்து மடங்காயிற்று. அன்றிரவு 300 அனுப்பினோம், 300 திரும்பின. “நம்பர் எழுதித் தந்ததால் எனக்கும் எளிதாயிற்று, சார்” என்று அவர் கூறிச் சென்றார். அவர் பொய்யர் அல்லர். பச்சை விளக்கையன்றி வேறு சான்று முன்னாளில் அவர்முன் இருந்ததில்லை.

இவ்விடத்துப் பயனாளர் தம் உரிமையையும் அறிதல் நன்று. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2006இல் வகுத்த அகலக்கற்றைத் தர விதிகளிலேயே, பொதி இழப்பு நூற்றுக்கு ஒன்றினும் குறைவாயிருத்தல் வேண்டும் என்று வரையறுத்தது. 2024இல் அவ்விதிகளுக்கு மாறாகப் புதிய விதிகள் வகுக்கப்பட்டன. இவ்வரையறை நிறுவனத்தின் வலையைப் பற்றியதேயன்றி நம் வீட்டு வைஃபையைப் பற்றியதன்று; ஆதலால் முறையிடுவோர் கேபிள் வழியே அளந்த கணக்கையே காட்டுதல் வேண்டும். முறையீட்டுக்குத் தக்க விடை கிட்டாவிடின், அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலர்க்கு எழுதலாம். அங்கும் பதிவெண்ணும் பட்டியலுமே நம் பக்கம் நின்று பேசும்.

என் இளவல் பின்னர் வேறொரு நேர்காணலுக்கு அமர்ந்தான். அதற்கு ஒருமணி நேரம் முன்னதாக மூன்று சோதனைகளையும் தானே செய்து, எண்களைக் குறித்து வைத்தான். அவன் கூறியவை யாவும் கூறியவாறே சென்று சேர்ந்தன. ஒருமுறையேனும் மீண்டும் சொல்லுமாறு அவர்கள் கேட்டிலர். முன்னை நேர்காணலில் இழந்தது மீளவில்லை என்பது உண்மையே. ஆயினும் இம்முறை அவன் பெறும் முடிவு, அது யாதாயினும், அவன் கல்வியைப் பற்றியதாயிருக்கும். கம்பத்துத் தூசியைப் பற்றியதாயிராது.

மாணாக்க நண்பர்காள்! நும் வீட்டிலும் சொல் அறுபடுங்கால், சினந்து எழுமுன் அமர்ந்து எண்ணுங்கள். எண்ணுதலை நும் அறையிலிருந்தே தொடங்குங்கள். குறை நும்முடையதாயின் சில நிமிடங்களில் நீங்கும். பிறருடையதாயின், அவர் மறுக்கவியலாத சான்று நும் கையிலிருக்கும்.

— சங்கரன்கோவிற் பழைய மாணவன்